கொடுக்க ஒரு மரக்கால்! வாங்க ஒரு மரக்கால்!



எங்கள் அப்பா ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பண்ணையார் வீட்டுக் களத்தில் இரண்டு மரக்கால் இருக்குமாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் மட்டும் அடியில் பலகை வைத்துத் தூக்கியிருப்பார்கள். நெல் கம்மியாகப் பிடிக்கும். கூலி அளப்பதும், பஞ்ச காலத்தில் கடன்நெல் கொடுப்பதும் அந்த மரக்காலில். குத்தகை நெல் வாங்குவதும், கொடுத்த கடனைத் திருப்பி வாங்குவதும் மற்ற மரக்காலில். "என்ன ஆண்டே, மரக்கால் வித்தியாசமா இருக்கே?" என்று கேட்டவன் அடுத்த வருஷம் அந்த நிலத்தில் இல்லை.

பண்ணையார் போய்விட்டார். மரக்காலும் போய் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மரக்கால் கணக்கு மட்டும் எங்கேயும் போகவில்லை. அது டெல்லிக்குப் போய், நிதித்துறை என்றும் வணிகத்துறை என்றும் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

பட்ஜெட் அன்றைக்கு டிவியைப் போட்டால் என்ன சொல்கிறார்கள்? நாட்டின் வளர்ச்சி இத்தனை சதவீதம், உலகத்தில் இத்தனையாவது பெரிய பொருளாதாரம் என்கிறார்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? நாம் கேட்பது வேறு கேள்வி. வளர்ந்தது யார் வீட்டில்? அதற்கான சுமையைத் தூக்கியது யார் தலையில்?

நம்ம திருவாரூரில் கல்தேர் இருக்கிறது. கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், சோழ ராஜா தன் பிள்ளையைத் தேர்க்காலில் போட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பசு மணி அடித்தபோது ராஜா வெளியே வந்து, "நாட்டில் மொத்தப் பசுக்களின் எண்ணிக்கை எட்டு சதவீதம் வளர்ந்திருக்கிறது, போய் வா" என்று சொல்லியிருந்தால் அவனை நாம் மனுநீதிச் சோழன் என்று கூப்பிடுவோமா? இன்றைக்கு நமக்குக் கிடைக்கிற பதில் அதுதானே! அவன் பெயரில் மனுநீதி நாள் முகாம் போட்டு மனு வாங்குகிறார்கள். மனு போகிறது, நீதி வரவில்லை.

நம் நிலைமை என்ன என்பதை அரசாங்கத்தின் மாதிரிக் கணக்கெடுப்பே சொல்லியிருக்கிறது. 2018-19-ல் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் செய்து வந்தது 3,798. கூலிக்கும் சம்பளத்துக்கும் போய் வந்தது 4,063. விவசாயி என்று பெயர், சோறு போடுவது கூலி! பாதிக் குடும்பங்கள் கடனில். சராசரிக் கடன் 74,121 ரூபாய். குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2023 என்ற ஒரே வருஷத்தில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களுமாகத் தற்கொலை செய்துகொண்டவர்கள் 10,786 பேர். மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

செலவுக் கணக்கில் பலகை வைத்தது யார்?

2004-ல் மத்திய அரசு எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் தேசிய விவசாயிகள் ஆணையம் அமைத்தது. 2006-க்குள் அவர்கள் ஐந்து அறிக்கை கொடுத்துவிட்டார்கள். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதார விலை கொடு என்றார்கள். அன்றைய காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அதைக் கிடப்பில் போட்டது. "நாங்கள் தருகிறோம்" என்று 2014 தேர்தல் அறிக்கையில் எழுதி ஓட்டு வாங்கியது பா.ஜ.க. 2015-ல் அதே அரசு உச்ச நீதிமன்றத்தில் என்ன எழுதிக் கொடுத்தது தெரியுமா? அப்படிக் கொடுத்தால் சந்தை கெட்டுப்போகுமாம். பிறகு 2018 பட்ஜெட்டில் திடீரென்று, "ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம்" என்றார்கள். எப்படி? இங்கேதான் மரக்கால் மாறியது.

கவனமாகப் படியுங்கள், இது கொஞ்சம் கணக்கு. விவசாயி கையிலிருந்து போடுகிற செலவுக்கு 'ஏ2' என்று பெயர். குடும்பத்தார் வயலில் பாடுபட்ட உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டால் 'எஃப்.எல்.' அதோடு சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும், நாம் போட்ட முதலுக்கு வட்டியையும் சேர்த்தால் 'சி2'. முழுச் செலவு என்றால் அதுதான். நாம் கேட்டது சி2-வில் ஒன்றரை மடங்கு. அவர்கள் கொடுத்தது ஏ2-வும் எஃப்.எல்.-உம் சேர்ந்ததில் ஒன்றரை மடங்கு. நிலத்துக்கு வாடகை இல்லை, முதலுக்கு வட்டி இல்லை. 2025-26-ல் நெல் குவிண்டால் உற்பத்திச் செலவு 1,579 ரூபாய் என்று போட்டு, ஒன்றரை மடங்கு என்று சொல்லி 2,369 ரூபாய் அறிவித்தார்கள். குத்தகை கொடுத்தால் அது ஏ2-வில் சேரும் என்பார்கள். சேரும். சொந்த நிலக்காரரையும் குத்தகைக்காரரையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் அந்தக் குத்தகை எங்கே தெரியும்? ஆற்றில் கரைத்த புளிதான்.

இதையே உரக் கம்பெனிக்கு எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். 1977-ல் உரத்துக்கு ஒரு விலை முறை கொண்டுவந்தார்கள். ஆலையின் செலவையெல்லாம் கூட்டி, போட்ட முதலுக்கு வரி போக 12 சதவீத லாபத்தையும் சேர்த்து விலையை நிர்ணயித்தார்கள். விற்கிற விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுத்தது. யூரியாவுக்கு இந்த முறை 2003 வரை இருந்தது. அனல் மின் நிலையத்துக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை போடும்போது இன்றைக்கும் கடனுக்கு வட்டி, தேய்மானம், பங்கு முதலுக்கு 15.5 சதவீதம் வருமானம் எல்லாம் சேர்த்துத்தான் போடுகிறது. அது அவசியம், இல்லாவிட்டால் முதல் போட எவன் வருவான் என்கிறார்கள். நியாயம்தான். அப்படியானால் உரம் செய்கிறவனின் முதல் முதல். அந்த உரத்தை வாங்கிப் போடுகிறவனின் முதல் என்ன, மண்ணா?

நான் நோட்டுப் போட்டு எழுதுகிறவன். 2025-26 சம்பாவில் நான் குத்தகைக்கு எடுத்துச் செய்த ஒரு ஏக்கரின் கணக்கு இது. உழவு, அண்டை வெட்டு, பரம்பு 4,500. விதை, நாற்றங்கால் 2,500. பறித்து நட 6,000. அடியுரம், மேலுரம் 4,500. களை எடுக்க 3,500. மருந்தும் தெளிப்புக் கூலியும் 2,500. தண்ணீர் கட்ட, வரப்புப் பார்க்க 2,000. அறுப்பு மிஷின் 3,500. காயவைத்து, தூற்றி, ஏற்றி இறக்க 2,500. ஆக மொத்தம் 31,500 ரூபாய். கண்டது 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை. அதாவது 18 குவிண்டால். தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகத்துக்கு 2,500 வீதம் 45,000 ரூபாய். மீதி 13,500. அதில் குத்தகை எட்டு மூட்டை, 12,000 ரூபாய். என் கையில் நின்றது 1,500. ஆறு மாசம் நானும் என் வீட்டுக்காரியும் வயலில் கிடந்ததற்கு மாசம் 250 ரூபாய்! நெல்லைப் போடப் போன இடத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டதை இதில் சேர்க்கவில்லை. அது ஏ2-விலும் வராது, சி2-விலும் வராது.

மாநில அரசை விட்டுவிடுகிறோம் என்று நினைக்காதீர்கள். அந்த 2,500 என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. வந்து சேர்ந்தது 2025-ல். நான்கு வருஷத்தில் கூலியும் டீசலும் எங்கே போயின என்பது உங்களுக்கே தெரியும்.

கடனுக்கு ஒரு மரக்கால்

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. நாமும் பயன்பெற்றோம், மறுக்கவில்லை. இந்த மாதிரி ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் கிளம்பும். கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கம் கெட்டுப்போகிறது, நாட்டின் நிதி ஒழுக்கம் போய்விடுகிறது என்று ஒரே புலம்பல். மத்திய அரசோ கடைசியாக நாடு முழுக்கத் தள்ளுபடி அறிவித்தது 2008-ல், அதோடு சரி.

இப்போது அடுத்த மரக்காலைப் பாருங்கள். 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது வருஷத்தில் வங்கிகள் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கிய வராக்கடன் 14,56,226 கோடி ரூபாய். அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது மட்டும் 7,40,968 கோடி. நான் சொல்லவில்லை, 2023 ஆகஸ்டில் மக்களவையில் மத்திய அரசு கொடுத்த பதில். உடனே படித்தவர்கள் திருத்துவார்கள்: "அய்யா, அது தள்ளுபடி இல்லை, ரைட் ஆஃப். ஏட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறோம், வசூல் தொடரும்." சரி, அப்படி எடுத்ததில் எவ்வளவு வசூல் ஆச்சு? அதையும் அரசே சொன்னது. 2,04,668 கோடி. நூறு ரூபாய்க்கு 14 ரூபாய். நம்ம சொசைட்டிச் செயலாளரிடம் போய், "நூற்றுக்குப் பதினாலு கட்டுறேன், மீதியை ஏட்டிலிருந்து எடுத்துடுங்க, வசூல் தொடரட்டும்" என்று சொல்லிப் பாருங்களேன்!

கம்பெனி திவாலானால் 2016-ல் வந்த திவால் சட்டப்படி தீர்த்துவைக்கிறார்கள். தீர்ந்த வழக்குகளில் கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். விட்டுக்கொடுக்கிற மீதிக்கு 'ஹேர்கட்' என்று செல்லப் பெயர். முடிவெட்டாம்! வங்கிகளுக்குத்தான் முடிவெட்டு, நமக்கு நேராக மொட்டை. டிராக்டர் தவணைப் பாக்கிக்காக 2016-ல் நம் டெல்டாவில் ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து இழுத்துப்போனதை நாடே டிவியில் பார்த்தது. அதே காலத்தில், 2016-17 முதல் 2020-21 வரை, கைகாலில்லாமல் கிடந்த பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த மத்திய அரசு போட்ட மூலதனம் 3 லட்சம் கோடிக்கு மேல். யார் வீட்டுப் பணம் அது? தீப்பெட்டி வாங்குகிறவனும் வரி கட்டுகிற நாடு இது.

வரிக்கதை சுருக்கம்தான். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. இதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். எட்டு மாசம் கழித்து, 2020 மே மாதத்தில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை தரையில் கிடந்தபோது, டீசல் மீது மத்திய கலால் வரி லிட்டருக்கு 31.83 ரூபாய்க்கு ஏறியது. 2014-ல் அது 3.56. பிற்பாடு இறக்கினார்கள், ஆனால் பழைய இடத்துக்கு இறக்கவில்லை. அங்கே விட்டதை இங்கே உழவு டிராக்டரிலும் அறுப்பு மிஷினிலும் பிடித்தார்கள்.

விலை ஏறினால் கதவை மூடு! இறங்கினால் கண்ணை மூடு!

விலை இறங்கும்போது நாம் போய்க் கேட்டால், "சந்தை தீர்மானிக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள். விலை கொஞ்சம் ஏறினால் மட்டும் சந்தைக்குள் அரசாங்கம் செருப்புக் காலோடு நுழைகிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. 2024 செப்டம்பர் வரை எடுக்கவில்லை. 2023 டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை. 2024 மே மாதம் எடுத்தாலும் 40 சதவீத வரி போட்டார்கள். அதை முழுசாக எடுக்க 2025 ஏப்ரல் ஆனது. இப்படிக் கதவடைத்த கணக்கை வெளியார் போட்டிருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 2000-01 முதல் 2016-17 வரை இந்திய விவசாயிக்கு வந்திருக்க வேண்டிய வருமானத்தில் சராசரியாக 14 சதவீதம் கொள்கைகளால் குறைந்துபோனது என்று சொல்லியிருக்கிறது. மானியத்தில் வாழ்கிறோம் என்று நம்மைப் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும். கொடுத்த மானியம் எல்லாம் கழித்து வந்த கணக்கு அது!

பருத்திக்கு வருவோம், நம்ம பக்கம் கோடையில் பருத்தி போடுகிறவர்கள் நிறைய. 2025 ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை நிறுத்திவைத்தார்கள். முதலில் செப்டம்பர் வரைக்கும் என்றார்கள், பிறகு டிசம்பர் வரைக்கும் என்றார்கள். வடக்கே காய் வெடித்துச் சந்தைக்கு வருகிற நேரம் பார்த்து! அமெரிக்கா நம் துணிக்கு வரி போட்டுவிட்டது, திருப்பூர் ஆலைகள் தவிக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். உண்மைதான். திருப்பூரில் வேலை பார்ப்பதும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். அவன் பிழைக்கட்டும். அதற்கு ஆன செலவை பருத்தி போட்டவன் தலையில் மட்டும் ஏன் கட்டினீர்கள்? கம்பெனி வரியைக் குறைக்க 1.45 லட்சம் கோடி எடுத்த அதே பெட்டியிலிருந்து எடுத்திருக்கலாமே?

"நெல்லுக்கு விலை ஏற்றினால் ஏழை எப்படி அரிசி வாங்குவான்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நல்ல மனதோடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. 2023 ஜனவரி முதல் நாடு முழுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இலவசம். ஏழைக்குச் சோறு போடுவது அரசாங்கத்தின் கடமை, அதை அரசாங்கப் பணத்தில் செய்ய வேண்டும். அடுத்த வீட்டுப் பானையைத் தூக்கி வந்து அன்னதானம் செய்துவிட்டு, பந்தலில் தன் பெயரை எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? அதிலும், பானைக்குச் சொந்தக்காரனே ரேஷன் கியூவில் நிற்கிறான்!

இனி நம்ம மரக்கால்

இதைச் சொன்னால் சங்கத்தில் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

2019 முதல் மத்திய அரசு வருஷத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு 16 ரூபாய் சொச்சம், ஒரு டீயும் வடையும்கூட ஆகாது. அதுவும் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவருக்கு மட்டும். வாய்மொழிக் குத்தகையில் வயலில் நிற்கிறவனுக்கு ஒரு பைசா கிடையாது. அரசாங்கம் செய்தது அநியாயம் என்று கூட்டத்தில் பேசுகிறோம். சரி, வெள்ளம் வந்து பயிர் போய், நிவாரணம் வரும்போது அடங்கல் யார் பெயரில் எழுதப்படுகிறது? நிலம் யாருடையதோ அவர் பெயரில். பயிர் அழுகிப்போனது குத்தகைக்காரனுக்கு, பணம் ஏறுவது அடுத்தவர் பாஸ்புக்கில். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். நேர்மையாகப் பாதியைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் நியாயம் ஒருத்தர் நல்ல மனதை நம்பி இருக்கக்கூடாது. பயிர் செய்கிறவர் பெயரில் அடங்கல் என்பது எழுத்தில் வர வேண்டும். நிலம் போய்விடுமோ என்று சொந்தக்காரர்கள் பயப்படுகிறார்கள். உட்கார்ந்து பேசினால் அந்தப் பயத்துக்கு வழி இருக்கிறது. பேச மறுப்பதற்குத்தான் வழி இல்லை.

அதேபோலத்தான் கூலி. "ஆள் கூலி ஏறிப்போச்சு, அதனால்தான் விவசாயம் நொடிச்சுப்போச்சு" என்று டீக்கடையில் பேசுகிறோம். என் நோட்டையே பாருங்கள். நட்ட பெண்களுக்குப் போன காசு அவர்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது. எனக்கு விலையில் குறைந்த காசு எங்கே போனது? நம்மைப் பிடுங்குகிறவன் மேலே இருக்கிறான், நாம் கீழே பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம். 1968-ல் கூலி உயர்வு கேட்ட கோபத்தில் வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய பகுதி இது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்று கொடுத்துவிட்டு, டெல்லியைப் பார்த்து "நியாயமா அளந்து போடு" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. போன குறுவையிலிருந்து என் வயலில் ஆளுக்கு ஒரே கூலி. என் வீட்டில் சண்டை வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் கேட்பது சலுகை இல்லை. அரசியல் சட்டத்தின் 38, 39-ஆம் பிரிவுகளில் எழுதியிருக்கிறது: ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு பாடுபட வேண்டும், பொது நன்மைக்குக் கேடாகச் செல்வம் ஒரு சிலர் கையில் குவியாதபடி பொருளாதாரத்தை நடத்த வேண்டும். கோர்ட்டில் போய் வழக்காட முடியாத பிரிவுகள் என்பார்கள். அதே அரசியல் சட்டம் அடுத்த வரியில், நாட்டை ஆள்வதற்கு இவை அடிப்படை என்றும் சொல்கிறது. கோர்ட்டில் கேட்க முடியாததைத் தெருவில் கேட்பதற்குத்தான் சங்கம்.

டெல்லி எல்லையில் ஒரு வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடந்துதான் 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்தார்கள் வடக்கத்தி விவசாயிகள். ஆதார விலைக்குச் சட்டம் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தது. அதை அவர்கள் மட்டும் தூக்கிச் சுமக்க வேண்டுமா?

சி2 செலவில் ஒன்றரை மடங்கு விலை, அதற்குச் சட்டப் பாதுகாப்பு. குத்தகை விவசாயி பெயரில் அடங்கல், நிவாரணம், காப்பீடு, 6,000 ரூபாய் எல்லாம். கம்பெனிக் கடனுக்கு எந்த விதியோ அதே விதி பயிர்க்கடனுக்கும். விளைபொருள் ஏற்றுமதித் தடை போட்டால் அந்த நஷ்டத்துக்கு அரசே ஈடு. இந்தக் கோரிக்கைகளை வைத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஊர்வலமாகப் போகிறோம்.

கொடி, பேனர் சங்கம் கொண்டுவரும். நீங்கள் கொண்டுவர வேண்டியது ஒரு நோட்டு. சம்பாவுக்குச் செய்த செலவை உழவிலிருந்து ஏற்றுக்கூலி வரை, குத்தகை உட்பட, உங்கள் கையால் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை உட்காரவைத்து எழுதுங்கள். ஒவ்வொரு நோட்டையும் மனுவோடு சேர்த்து மேஜையில் வைப்போம், ரசீது வாங்குவோம். குத்தகைக்காரர்கள் தயவுசெய்து பின்னால் நிற்காதீர்கள், உங்களுக்கு முன்வரிசை. தாய்மார்கள் அவசியம் வரணும், நடவுக் கணக்கு உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அன்று காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து வேன் கிளம்பும். சாப்பாடு சங்கத்தில் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு படி அரிசி முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்